முகம் இருக்கிறது, பெயர் இல்லை

ஜப்பானின் மர அச்சுப் படங்கள் முதல் பம்பாயின் ரவிவர்மா படங்கள், சிவகாசி காலண்டர்கள் வரை சுவர்களை அலங்கரித்த அழகிகள் யார்?

மாஹிமிலும் மாட்டுங்காவிலும் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பூஜை அலமாரிகளில் அந்தப் படத்தை இன்றும் பார்க்கலாம். ஆற்றங்கரைப் பாறை. வெள்ளைப் புடவை, மடியில் வீணை, பக்கத்தில் மயில். பல வருஷங்களாகக் குங்குமம் இட்டதில் கண்ணாடி ஒரு புள்ளியில் சிவந்து மங்கியிருக்கும். சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், பழைய பிரதியாக இருக்கும் பட்சத்தில், அடி விளிம்பில் பொடி எழுத்தில் இரண்டு விவரங்கள் தெரியும். ஒன்று ஓவியர் ரவிவர்மாவின் பெயர். இன்னொன்று கார்லா - லோனாவ்லா என்று ஊரோடு சேர்த்துப் போட்ட அச்சகத்தின் பெயர்.

மூன்றாவதாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். சரஸ்வதியாக உட்கார்ந்த பெண்ணின் பெயர். அது இல்லை. இல்லை என்பது யாருக்கும் குறையாகத் தோன்றியதும் இல்லை. தெய்வத்துக்கு எதற்கு இன்னொரு பெயர்?

ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டும் அச்சுப் படத்தில், அதில் இருக்கும் பெண்ணின் பெயரும் அச்சாக வேண்டும் என்று வாங்குபவர்கள் விரும்பிய நகரம் ஒன்று உலகத்தில் இருந்தது. அங்கே பெயரை அழிப்பதற்கு அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த நகரத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் பம்பாயில் நடந்தது என்ன என்பது கொஞ்சம் தெளிவாகும்.

காலண்டரில் பிறந்தவள்

இன்றைய டோக்கியோவுக்கு அன்று எடோ என்று பெயர். 18-ம் நூற்றாண்டில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்ந்த பெருநகரம். அதிகாரம் சாமுராய்களிடம் இருந்தாலும் காசு வணிகர்களிடம் இருந்தது. அவர்களின் பொழுதுபோக்கு நாடகக் கொட்டகை, தேநீர்க் கடை, தாசிகளின் வீதி. இந்தச் சுக வாழ்க்கைக்கு 'மிதக்கும் உலகம்' என்று பெயர். அதைச் சித்தரித்த படங்கள் உகியோ-எ. அவற்றில் அழகிகளைக் காட்டும் வகைக்கு பிஜின்-கா என்று தனிப் பெயரே உண்டு.

பல வண்ணங்களில் இந்தப் படங்கள் அச்சாகத் தொடங்கிய கதை சிவகாசிக்காரர்களுக்குப் பிடிக்கும். ஜப்பானின் பழைய சந்திர நாட்காட்டியில் 30 நாள் மாதமும் 29 நாள் மாதமும் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். நாட்காட்டி விற்கும் உரிமை அரசு அனுமதி பெற்ற சிலருக்கு மட்டுமே. பணக்காரக் கவிதை ரசிகர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அழகான பெண்ணின் படத்தை வரையச் சொல்லி, அவள் உடையின் பூ வேலைப்பாட்டுக்குள் மாதங்களின் எண்களை ஒளித்துவைத்து, புத்தாண்டுப் பரிசாக நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். 1765-ல் சுசுகி ஹருநோபு என்ற ஓவியர் வரைந்த இப்படிப்பட்ட படங்களிலிருந்துதான் முழு வண்ண அச்சு பிறந்தது. பெண்ணும் காலண்டரும் சேர்ந்தது அப்படி.

தயாரிப்பில் நான்கு பேர். முதலீடு செய்து, எது விற்கும் என்று முடிவு செய்பவர் பதிப்பாளர். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் வரைவார். செதுக்குபவர் அதைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் குடைந்தெடுப்பார். ஓவியரின் மூலப் படம் அதோடு காலி. வண்ணத்துக்கு ஒரு பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் சிறு பள்ளம் வெட்டியிருக்கும். அச்சடிப்பவர் அந்தப் பள்ளத்தில் தாளின் மூலையைப் பொருத்தி ஒவ்வொரு வண்ணமாக ஏற்றுவார். நெற்றியோர முடியை இழை இழையாகச் செதுக்குவது அனுபவம் மிக்க கைகளின் வேலை. இவ்வளவு பாடுபட்ட படத்தின் விலையோ மலிவு. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடும் காசுக்கு அழகியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஹருநோபுவின் அழகிகளில் ஒருத்தி ஒசென். கோயில் வாசல் தேநீர்க் கடையில் பரிமாறிய பெண். அச்சுப் படங்கள் அவளை நகரம் முழுக்கப் பிரபலமாக்கின. அவளைப் பார்ப்பதற்காகவே கடைக்குக் கூட்டம் வந்தது. பிறகு ஒரு சாமுராய் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு அவள் கடையை விட்டுப் போனாள். சினிமா பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய நட்சத்திரம் அவள்.

பெயருக்குத் தடை

அழகிகளை வரைவதில் யாரும் மிஞ்ச முடியாதவர் என்று கருதப்படும் கிதாகாவா உதமாரோ, உடம்பை விட்டுவிட்டு முகத்தையும் தோளையும் மட்டும் பெரிதாக வரைந்தார். 1793 வாக்கில் அவர் வரைந்த 'இக்காலத்து மூன்று அழகிகள்' படத்தில் இருக்கும் மூவருமே நிஜப் பெண்கள். பாட்டும் இசையும் தொழிலாகக் கொண்ட தொயோஹினா, நானிவாயா தேநீர்க் கடையின் ஒகிதா, அரிசி வடகம் விற்ற தகாஷிமா வீட்டுப் பெண் ஹிசா. கடைசி இருவருக்கும் வயது 16, 17தான். அசட்டையாகப் பார்த்தால் மூன்றும் ஒரே முகம். உற்றுப் பார்த்தால் மூக்கின் வளைவும் புருவமும் வேறு வேறு.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. சிக்கனமும் ஒழுக்கமும் பேசிய சீர்திருத்தக் காலம் அது. 1793-ல், தாசிகளைத் தவிர மற்றப் பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. குடும்பப் பெண்ணின் பெயர் கடைத்தெருவில் அடிபடுவது ஒழுங்கல்ல என்பது ஆட்சியாளர்களின் எண்ணம்.

உதமாரோவும் பதிப்பாளர்களும் சளைக்கவில்லை. படத்தின் மூலையில் ஒரு விடுகதை போட்டார்கள். இரண்டு கட்டுக் கீரை, ஒரு அம்பு, கடல், வயல். ஜப்பானிய மொழியில் இவற்றை வரிசையாகச் சொன்னால் நா-நிவா-யா-ஒகி-தா. நானிவாயா ஒகிதா! வாங்கியவர்கள் படித்துச் சிரித்தார்கள். 1796-ல் விடுகதைக்கும் தடை. 1800-ல் பெரிய முகப் படங்களுக்கே கட்டுப்பாடு. 1804-ல், பழைய ஆட்சியாளர் ஹிதேயோஷியை அவர் மனைவி, ஆசைநாயகிகளோடு வரைந்த குற்றத்துக்காக உதமாரோவுக்கு 50 நாள் கைவிலங்குத் தண்டனை கிடைத்தது. 1806-ல் இறந்துபோனார்.

சட்டத்தில் இருந்த விலக்குதான் கவனிக்க வேண்டியது. தாசிகளின் பெயரைத் தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பெயர் யாருடையது? அகழி சூழ்ந்த யொஷிவாரா பகுதிக்கு ஒரே ஒரு வாசல். வறுமையில் பெற்றோர் கடனுக்கு ஈடாக விற்ற சிறுமிகள் ஆறு, ஏழு வயதிலேயே பணிப்பெண்ணாக உள்ளே வருவார்கள். வளர்ந்து புகழ் பெற்றால் விடுதி அவர்களுக்குப் பெயர் சூட்டும். அந்தப் பெயர் விடுதியின் சொத்து. ஒகியா என்ற விடுதியின் ஹனாஒகி என்ற பெயர் ஒருத்திக்குப் பின் இன்னொருத்தியாகப் பல பெண்களுக்குச் சூட்டப்பட்டது. படத்தில் ஹனாஒகி என்று இருந்தால் அது எந்த ஹனாஒகி என்று அறிஞர்கள் வருஷக் கணக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. யொஷிவாராவுக்குக் கொஞ்ச தூரத்தில் ஜோகன்ஜி என்ற புத்த கோயில் இருக்கிறது. கேட்பாரற்று இறந்த தாசிகளின் உடல்களை அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டார்கள். 'வீசியெறியும் கோயில்' என்று அதற்கு வழக்குப் பெயர். பட்டு உடையில் படங்களில் ஜொலித்தவர்களின் முடிவு பலருக்கு அதுதான்.

கிர்காமில் ஒரு பிரஸ்

உதமாரோ இறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1906-ல், இறந்தவர் ராஜா ரவிவர்மா. திருவிதாங்கூரின் கிளிமானூரில் 1848-ல் பிறந்தவர். அவர் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா எழுதும் அளவுக்குத் தமிழ்நாட்டிலும் அவர் பெயர் பரவியிருந்தது. அதற்கு எண்ணெய் வண்ண ஓவியங்கள் காரணமல்ல. அவற்றைப் பார்த்தவர்கள் அரண்மனைக்காரர்கள். மற்றவர்கள் பார்த்தது அச்சுப் பிரதிகளைத்தான்.

அந்த யோசனையை ரவிவர்மாவுக்குச் சொன்னவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்த டி. மாதவராவ். உங்கள் படங்களுக்கு இவ்வளவு பேர் ஆசைப்படும்போது இரண்டு கைகளால் எத்தனை வரைய முடியும், ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடியுங்கள் என்பது அவருடைய ஆலோசனை. ரவிவர்மா ஒரு படி மேலே போனார். ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதில் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களையும் தொழில்நுட்பக்காரர்களையும் வரவழைத்தார். பம்பாய் வணிகர் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1894-ல் கிர்காமில் பிரஸ் தொடங்கினார். முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு என்று சொல்லப்படுகிறது.

மரப் பலகைக்குப் பதில் இங்கே கல். மற்றபடி எடோவின் கணக்குதான். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல், ஒவ்வொரு கல்லிலும் கையால் வரைய ஒரு ஆள், வண்ணம் பிசகாமல் தாளைப் பொருத்த இன்னொரு ஆள். கடைசியில் எண்ணெய் ஓவியம் போலப் பளபளக்க வார்னிஷ். இதற்கு ஓலியோகிராப் என்று பெயர். பிரஸ்ஸிலிருந்து வந்த பிறகும் படம் முடிந்துவிடவில்லை. வாங்கிய வீட்டுப் பெண்கள் புடவைக் கரையில் ஜரிகை தைத்தார்கள், நகையில் சமிக்கி ஒட்டினார்கள். அம்மன் சந்நிதிக்குள் அனுமதி மறுக்கப்பட்டவர்களின் குடிசைக்கும் லட்சுமி வந்தாள்.

வியாபாரம் ரவிவர்மாவுக்குக் கைவரவில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. ஆட்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் பிரஸ் லோனாவ்லா அருகே கார்லா குகைகளின் பக்கமுள்ள மளவ்லிக்கு இடம் மாறியது. கடன் ஏறியது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கருக்கே பிரஸ்ஸைப் படங்களின் அச்சு உரிமையோடு விற்றுவிட்டார். எடோ பதிப்பாளர்களைப்போல எது விற்கும் என்று தெரிந்தவர் ஷ்லைக்கர். சாமி படங்களோடு விளம்பர லேபிள்களும் அச்சாயின.

உட்கார்ந்தது யார்?

ரவிவர்மாவின் பெண்கள் கற்பனையில் பிறந்தவர்கள் அல்ல. பரோடா மகாராஜாவுக்காக 14 புராணப் படங்கள் வரைய ஒப்புக்கொண்டபோது அவரும் தம்பி ராஜராஜ வர்மாவும் உடையும் முகமும் தேடி வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். பம்பாயில் தங்கிய காலங்களில் பெண்களை எதிரே உட்காரவைத்தே வரைந்தார்கள்.

ஆனால் உட்கார யார் முன்வருவார்கள்? அன்னிய ஆண்கள் எதிரே மணிக்கணக்கில் உட்காரக் குடும்பப் பெண்களுக்கு அனுமதி கிடையாது. வந்தவர்களில் பலர் பாட்டும் நடனமும் தொழிலாகக் கொண்ட வீட்டுப் பெண்கள். கோவாவின் கோயில்களோடு இணைந்திருந்த கலாவந்த் சமூகத்துக் குடும்பங்கள் பல 19-ம் நூற்றாண்டில் பம்பாய்க்குக் குடிபெயர்ந்திருந்தன. நம் ஊர் தேவதாசிக் குடும்பங்களின் நிலைதான் அவர்களுக்கும். ரவிவர்மாவைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடும் ராஜிபாய் முல்காவ்கரும் கோவாக்காரர். லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் அவர் முகமே மூலம் என்பது வழிவழியாக வரும் செய்தி.

முரண்பாடு இங்கேதான். எந்தப் பெண்ணின் வீட்டு வாசலை மிதிக்க 'கௌரவமான' குடும்பங்கள் கூச்சப்பட்டனவோ, அவள் முகத்துக்கு அதே குடும்பங்கள் காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றின. பெயரைச் சொல்லியிருந்தால் படம் விற்றிருக்காது. எடோவில் குடும்பப் பெண்ணின் மானத்தைக் காப்பதாகச் சொல்லிப் பெயரை அழித்தார்கள். பம்பாயில் தெய்வத்தின் மானத்தைக் காக்க அழித்தார்கள். எடோவில் அதற்கு உத்தரவு தேவைப்பட்டது. இங்கே யாரும் உத்தரவு போடவில்லை.

ரவிவர்மாவை மறுத்தவர்களும் இந்தப் பெண்களைப் பார்த்தார்கள், வேறு கண்ணோடு. இலங்கைத் தமிழரான சர் முத்துக் குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி, ரவிவர்மாவின் புராணப் பாத்திரங்கள் நாடகத்தனமானவை, தெய்விகம் இல்லாதவை என்று 1907-ல் விமர்சித்தார். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரும் சகாக்களும் ஐரோப்பிய பாணியை உதறிவிட்டு ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து நீர்வண்ண நுணுக்கங்களைக் கற்றார்கள். அவர்களை ஈர்த்தது கடைத்தெரு அழகிகளின் ஜப்பான் அல்ல, ஆன்மிக ஜப்பான். ரவிவர்மாவின் தேவியர் சாதாரண மானிடப் பெண்களாகத் தெரிகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதை இன்று திருப்பிப் படித்தால் சாட்சியமாகிறது. அங்கே உண்மையாகவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பெண்கள் முன்வராத கதை அடுத்த கலையிலும் தொடர்ந்தது. ரவிவர்மா பிரஸ்ஸில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. மாஹிமுக்கு அடுத்த தாதரில் 1912-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' படம் எடுக்க இறங்கியபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் உணவு விடுதியில் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞருக்குப் புடவை கட்டினார்கள். மறு படத்தில்தான் துர்காபாய் காமத்தும் மகள் கமலாபாயும் துணிந்து வந்தார்கள். சினிமா அவர்கள் பெயரை ஒளிக்கவில்லை. ஊர் பேசிய ஏச்சையும் அவர்களே சுமந்தார்கள்.

தீப்பெட்டி வழியே சிவகாசிக்கு

எடோவின் மர அச்சும் பம்பாயின் கல் அச்சும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. அது தீப்பெட்டி. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு ஜப்பானிலிருந்து ஏராளமான தீப்பெட்டிகள் வந்து இறங்கின. மரப் பலகையில் லேபிள் அடித்துப் பழகிய நாடு அது. இந்தியர்களுக்கு எது பிடிக்கும் என்று பார்த்து, ரவிவர்மா பாணித் தேவியரையும் புராண அழகிகளையும் லேபிளில் அச்சடித்து அனுப்பினார்கள் ஜப்பானிய வியாபாரிகள்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போனார்கள். அடுத்த வருஷம் சிவகாசியில் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதால் அச்சகங்கள் வந்தன. லேபிள் அடித்த இயந்திரம் காலண்டரும் அடித்தது. பக்கத்துக் கோவில்பட்டியில், சென்னை ஓவியப் பள்ளியில் படித்து நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்த சி. கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் இந்தியா முழுவதும் போயின. புத்தாண்டுக்கு மளிகைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும் காலண்டரில் தாராவியின் ஒற்றை அறை வீட்டுக்கும் செம்பூர் அடுக்கு மாடிக்கும் வந்து சேர்ந்தவை இந்த வழிமுறையைச் சேர்ந்தவையே.

இந்தக் கட்டத்தில் எதிரே உட்காரும் பெண்ணும் தேவையில்லாமல் போனாள். ஒரு முகத்தைப் பார்த்து அடுத்த முகம். ரவிவர்மாவின் லட்சுமியிலிருந்து கொஞ்சம், அந்த வருஷத்துச் சினிமா நடிகையின் கண்ணிலிருந்து கொஞ்சம். மறைப்பதற்குக்கூட ஒரு பெயர் இல்லை.

ஒரு பெயர் தப்பியது

பம்பாயில் ரவிவர்மா வரைந்த பெண்களில் ஒருவர் பெயர் மட்டும் அழுத்தமாக நிற்கிறது. அஞ்சனிபாய் மால்பேகர். 1883-ல் கோவாவில் இசைக் குடும்பத்தில் பிறந்து பம்பாயில் பெண்டிபஜார் கரானாவின் நசீர் கானிடம் பாட்டுக் கற்றவர். நிலவொளியில் அமர்ந்திருக்கும் பெண், ஊஞ்சலாடும் மோகினி உள்ளிட்ட சில படங்களுக்கு, இருபது வயதை ஒட்டிய பருவத்தில் அவரே மாதிரியாக இருந்தார் என்கிறார்கள். மேடைக் கச்சேரியை 1923-லேயே நிறுத்திக்கொண்டார். பிறகு சொல்லிக்கொடுத்தார். குமார் கந்தர்வாவும் கிஷோரி அமோன்கரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். 1958-ல் சங்கீத நாடக அகாதமி அவரைத் தன் ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் பெண் அவர்.

1972-ல் மளவ்லி பிரஸ் தீயில் அழிந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1974-ல், 91 வயதில் அஞ்சனிபாய் காலமானார். அவர் பெயர் பிழைத்தது முகத்தால் அல்ல, குரலால். பாடத் தெரியாமல் வெறுமனே உட்கார்ந்துவிட்டுப் போன பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

தென் மும்பையில் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் டாட்டா சகோதரர்கள் சேகரித்த ஜப்பானியக் கலைப் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. ரவிவர்மா பிரஸ்ஸின் பழைய பிரதிகளும் இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் சரக்கு. சட்டம் மாற்றும்போது மரத்தையும் கண்ணாடியையும் பார்க்கும் வீட்டுக்காரர்கள், அடி விளிம்பில் இருக்கும் அந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை படித்துவிட்டு மேலே அந்த முகத்தைப் பார்க்கலாம். சரஸ்வதி பூஜையன்று படிக்கும் புத்தகங்களை யார் முன்னால் அடுக்கிவைக்கிறோம் என்று யோசிக்க அது போதும்.